காதின் துளையும் தலையின் துணியும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் மூத்தோர் வழங்கிய பழமொழி. மணவீட்டுக்குச் செல்வோரும், உத்தியோகம் வேண்டி நேர்முகப் பரீட்சைக்குச் செல்வோரும் அதனை நினைவிற் கொள்வதில் தவறு எதுவுமில்லை. துவைத்த வேட்டியைக் கட்டுவதால் யாருக்கும் தீங்கு வரப்போவதுமில்லை. ஆயின், இந்நாட்டின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்களுக்கு அப்பழமொழி வேறொரு பொருளைத் தந்துவிட்டது. இங்கே ஆடை ஆளின் பாதியை எடுத்துக்கொள்ளவில்லை, ஆளையே எடுத்துக்கொண்டது. நெற்றியிற் பொட்டு உண்டா, காதில் துளை உண்டா, தலையில் தொப்பி உண்டா, மேனியில் கறுப்பு அங்கி உண்டா என்று பார்த்துப் பார்த்தே மனிதரைப் பகுத்தனர். பகுத்தபின் சிலரை வீட்டுக்கு அனுப்பினர். சிலரை அனுப்பவே இல்லை.

தோற்றம் கண்டு மதிப்பிடுதல் தீது என்று பொதுப்படச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதற்கு நாம் வேண்டியதில்லை. அச்சாணியை உவமை காட்டி வள்ளுவர் அதை எப்பொழுதோ சொல்லிவிட்டார். குறளை மேடையில் முழங்காத தமிழ்த் தலைவர் யார்? ஆயினும் மேடையிலிருந்து இறங்கிய மறுகணமே, எதிரே வருபவர் உடுத்திருப்பது யாது என்று பார்க்கும் கண் நம்மிடம் மாறவில்லை. நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி ஒன்றே: தோற்றத்தால் அளக்கப்பட்டுத் துன்புற்ற ஓர் இனம், அதே அளவுகோலைக் கையில் எடுத்து அயலவனை அளக்கலாமா?

1958 மே மாதக் கலவரத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய பத்திரிகாசிரியர் தார்சி விட்டாச்சி அதைப்பற்றி எழுதிய நூல் அவ்வாண்டே இலண்டனில் வெளியாயிற்று. காடையர் தமிழரை எவ்வாறு அடையாளம் கண்டனர் என்பதை அந்நூல் கூறுகிறது. வேட்டிக்கு மேலே சட்டையை வெளியே விட்டிருந்தவன் தமிழன். காது குத்தியிருந்தவன் தமிழன். சிங்களப் பத்திரிகையை வாசிக்கவோ பௌத்த காதைகளை ஓதவோ அறியாதவன் தமிழன். இவைதாம் அன்றைய பரீட்சைகள். பரீட்சகர் கையில் கத்தியும் பொல்லும் இருந்தன.

25 ஆண்டுகள் கழிந்தன. 1983 ஜூலையில் அதே பரீட்சை மீண்டும் நடந்தது. இம்முறை வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘பால்திய’ என்னும் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்தைச் சிங்களவர் ஒலிக்குமாறு ஒலிக்கத் தவறியவர் அகப்பட்டுக்கொண்டார். விவிலியம் படித்தோர்க்கு இது புதிதன்று. யோர்தான் நதியின் துறையில் நின்றுகொண்டு, கடக்க வந்தவரை எல்லாம் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் செய்து, ‘சிபோலேத்’ என்று சொன்னவரை வெட்டிய கதை நியாயாதிபதிகள் ஆகமத்தில் இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுப் பழங்கதை என்று எண்ணியிருந்தோம். கொழும்புத் தெருவில் அது புத்துயிர் பெற்றது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இத்துணைப் பரீட்சைகள் ஏன் தேவைப்பட்டன? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனாற்றான்! நிறத்திலும் மூக்கிலும் முடியிலும் இவன் தமிழன், அவன் சிங்களவன் என்று பிரித்தறிய இயற்கை ஓர் அடையாளமும் வைக்கவில்லை. இயற்கை வைக்காத அடையாளத்தைத் துணியிலும் துளையிலும் நாவிலும் தேடினார்கள். தோற்றம் உண்மையைக் காட்டுகிறது என்பவர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்? தோற்றம் எதையும் காட்டாத இடத்திலேதான் தோற்றத்தைப் பற்றிய வெறி மிகுகிறது.

அந்நாட்களில் தென்னிலங்கையில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்தனர். தாலியைக் கழற்றி மறைத்தனர். தாலியைக் கழற்றுவது எத்தகைய செயல் என்பதைத் தமிழ் வீடுகளில் வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. கணவன் உயிரோடு அருகே நிற்க, அவன் உயிரைக் காக்கவே அவள் கழற்றினாள். அதன் பின்னும் நெடுங்காலம், கொழும்புக்குப் புறப்படும் தமிழ்ப்பெண் பஸ்ஸில் ஏறுமுன் கண்ணாடி பார்த்தது அழகு பார்ப்பதற்காக அன்று.

தென்னிலங்கையில் நடந்தவற்றை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். வாவிக்கரையில் நடந்தவை அத்துணை உரக்கப் பேசப்படுவதில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபொழுது, மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள ஊர்களின் மக்கள் ஆயிரமாயிரமாக வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளவில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் அங்கு வந்தனர். அகதிகளை வயதுவாரியாக வரிசைகளில் நிறுத்தினர். முகமூடி அணிந்தோர் முன்னால் அவ்வரிசைகள் நடக்க வேண்டியிருந்தது. அன்று கொண்டுசெல்லப்பட்டோர் 158 பேர். அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

அம்முகமூடிக்காரனுக்கு ஈழத்தமிழ் மக்கள் ஒரு பெயரிட்டனர்: ‘தலையாட்டி’. அவன் பேசமாட்டான், தலையை ஆட்டுவான். சாக்குத் துணியில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் இரண்டு கண். அக்கண்ணுக்குப் பட்டதே சாட்சியம், தலையசைவே தீர்ப்பு. வாய்திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், எந்த ஊர், என்ன தொழில், யார் பிள்ளை என்று கேட்டிருந்தால், எத்தனை பேர் அன்று மாலை தாயிடம் திரும்பியிருப்பர்! முதற்பார்வை என்பதன் முழு வடிவம் அதுதான். அதற்கு மேல் அது வளர்வதற்கு இடமில்லை.

வாவியைக் கடக்கும் துறைகளிலும் இதே கதைதான். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாவிக்குக் கிழக்கே, கதிரவன் எழும் பக்கம், எழுவான்கரை; மேற்கே, அவன் படும் பக்கம், படுவான்கரை. எத்துணை அழகிய பெயர்கள்! மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறியே அங்கு வாவியைக் கடந்தனர். போர்க்காலத்தில் படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கையிலும், எழுவான்கரை அரசின் கையிலும் இருந்தன. ஆகவே படுவான்கரையிலிருந்து வருபவன் எவனும் முதலில் சந்தேகத்துக்குரியவன், பின்னரே மனிதன். முழங்கையையும் முழங்காலையும் பார்த்தார்கள். தழும்பு இருந்தால் ஆயுதப் பயிற்சி பெற்றவன் என்றார்கள். வயலில் விழுந்து எழுந்து, காட்டில் விறகு வெட்டி, மாட்டுக்குப் பின்னே முள்ளில் ஓடி வளர்ந்த ஓர் உழவன் மகனுக்கு உடம்பில் தழும்பு இல்லாமல் எப்படி இருக்கும்? தழும்பில்லாத உடம்பு நகரத்தவனுக்கே வாய்க்கும். உழைத்ததன் அடையாளம் குற்றத்தின் அடையாளமாயிற்று.

இவற்றை எல்லாம் பிறர் நமக்கு இழைத்தார்கள். சரி, நாம் என்ன செய்தோம்?

படுவான்கரையானைப் பட்டிக்காட்டான் என்று முதலில் சொன்னவன் இராணுவச் சிப்பாய் அல்லன். கொக்கட்டிச்சோலையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் தயிர்ச்சட்டியோடும் நெல்மூட்டையோடும் சாரமுடுத்து நகருக்கு வந்தவனைக் கண்டு, புளியந்தீவில் காற்சட்டை அணிந்து நின்ற தமிழனே சிரித்தான். கச்சேரியிலும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் அவனைக் கடைசியில் நிறுத்தியவரும் தமிழரே. அவன் விளைவித்த அரிசியே அன்று மதியம் அவர்கள் இலையில் விழுந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பாரைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட முடியுமா? ‘மட்டக்களப்புக்குப் போகாதே, மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்’ என்பது வடக்கில் வழங்கிய பேச்சு. பெண் கொடுத்து, வீடு கொடுத்து, வந்த மருமகனை உபசரிக்கும் மக்களின் விருந்தோம்பலுக்கு வைத்த பெயர் மந்திரம்! இங்கு மணம் முடித்தவன் ஊர் திரும்ப மனமின்றி இருந்துவிட்டால் அதற்குக் காரணம் சூனியமாம். நல்ல சோறும் நல்ல மனைவியும் அல்லவாம். போகட்டும், இது சிரித்துவிட்டு விடத்தக்கது. ஆனால் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்கும் பழக்கம் நமக்குள்ளே எவ்வளவு பழையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அந்த மந்திரக்காரர் நாட்டிலிருந்துதான் காரைதீவு மயில்வாகனனார் வந்தார். 1892இல் பிறந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையர் ஒருவர் அதில் தேறியது அதுவே முதன்முறை. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924இல் காவியுடுத்து விபுலாநந்தர் ஆனார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். அக்காவியை மட்டும் கண்டவன் அவரைத் துறவி என்று அறிந்திருப்பான். அத்துணிக்குள்ளே கணிதமும் பௌதிகமும் இசையும் சங்கத்தமிழும் ஒருங்கே இருந்தன என்பதை எந்தத் துணி காட்டும்? நல்லவேளையாக, அவரைக் காண்பதோடு நில்லாது கேட்பதற்கும் தமிழுலகில் ஆட்கள் இருந்தார்கள்.

இதைவிட நெருங்கிய சான்று ஒன்றுண்டு. கிழக்கிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பு குடிமுறை. தந்தைவழியில் அன்றித் தாய்வழியிலேயே ஒருவன் குடி அமைகிறது. ஒரே குடியில் மணம் முடிக்கலாகாது என்ற விதி இரு சாராருக்கும் உரியது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கமும் இரு சாராருக்கும் உரியது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியே பொறுப்பேற்று வந்தவர்கள். வயல்வெளியில் பாடப்பட்ட கவிகளை எடுத்துப் பாருங்கள்: பாடியவள் முஸ்லிம் பெண்ணா தமிழ்ப் பெண்ணா என்று பாட்டின் அமைப்பைக் கொண்டு சொல்வது அரிது. இரு சமூகத்தவரும் தாயிடம் கற்ற மொழி தமிழ். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரிவது ஒரு தொப்பியும் ஒரு முக்காடும்.

மட்டக்களப்பின் பறங்கியரையும் இங்கே நினைக்கலாம். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், பத்து ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். அவர்களின் மொழியோ, கலந்து மாறிய வடிவில், தச்சரும் கொல்லருமான பறங்கியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. வெளியே வந்தால் அவர்கள் பேசுவது நம் தமிழ். நிறத்தில் நம்மைவிடக் கறுத்தவரும் அவர்களில் உண்டு. பெயரைக் கேட்டுவிட்டு ஐரோப்பியரைத் தேடிப் போகிறவன் தச்சுப்பட்டறையில் நம்மவன் போன்ற ஒருவரையே காண்பான்.

இவ்வாறு கலந்து கிடந்த நிலத்தில் 1990 ஆகஸ்ட் வந்தது. 3ஆம் நாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகளின் துப்பாக்கிகள் கொன்றன. சில நாட்களில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் மாண்டனர். 12ஆம் நாள் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் வெட்டுண்டனர். அதைச் செய்தோரில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் இருந்தனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் இராணுவத்தினரின் கையில் 184 தமிழர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, மடிந்தனர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் விரட்டப்பட்டனர். எங்கும் பெயர் கேட்டு, உடை பார்த்து, ஊர் பார்த்தே அழித்தனர். இதில் ‘எங்கள் இறந்தோர்’, ‘உங்கள் இறந்தோர்’ என்று கணக்கு வைப்போரோடு நமக்குப் பேச்சில்லை.

இனி அண்மைக்காலத்துக்கு வருவோம். 21-4-2019, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்துக்குள் முதுகிற் பையோடு ஓர் ஆண் வந்தான். முற்றத்தில் நின்றோர் அவனை வழிபாட்டுக்கு வந்த புதியவன் என்றே எண்ணினர், அவனோடு பேசினர். அவனிடமிருந்த குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலை முடித்து வந்து நின்ற குழந்தைகள் பலர் உட்பட ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அந்தக் குழந்தைகளின் பெற்றோர்க்கு ஆறுதல் சொல்ல நமக்கு மொழி போதாது.

அவன் தோற்றம் எப்படி இருந்தது என்பதை ஒரு கணம் நினையுங்கள். அவன் முகத்தை மூடியிருக்கவில்லை. அங்கி அணிந்திருக்கவில்லை. வரவேற்கத்தக்க ஒரு விருந்தினனாகவே அவன் கண்ணுக்குப் பட்டான். தோற்றம் கண்டு பகைவனை அறியலாம் என்ற கொள்கை அந்த முற்றத்திலேயே பொய்யாகிவிட்டது. ஆனால் எட்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, நாட்டில் என்ன சட்டம் வந்தது? அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் உடைக்குத் தடை! குண்டு வைத்தவன் முகத்தைத் திறந்து வந்தான்; குற்றவாளியாக்கப்பட்டவளோ வீட்டிலே இருந்த பெண். 1990இல் முகத்தை மூடி நின்றவன் நீதிபதி. 2019இல் முகத்தை மூடியவள் கைதி. இரண்டையும் கண்ட தமிழன் இந்த முரண்பாட்டைக் கண்டு வாளாவிருக்கலாமா?

தடை முகத்திரைக்கே உரியது. தலையை மறைக்கும் துணிக்கும் அபாயாவுக்கும் உரியதன்று. ஆயினும் வர்த்தமானியை யார் வாசித்தார்? பஸ்ஸிலும் வைத்தியசாலை வாயிலிலும் கடைத்தெருவிலும் கறுப்புத் துணி கண்ட இடமெல்லாம் விலக்கு என்று மக்கள் எடுத்துக்கொண்டனர். மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடையில் அச்சிட்டிருந்தது தர்மச்சக்கரம் என்று கூறினர். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். ஒரு சுக்கான் சக்கரத்துக்காக அப்பெண் சில வாரங்கள் மறியலில் இருந்தார். பிற்காலத்தில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கண்டது. மறியலில் கழிந்த நோன்பு நாட்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? அதே மே மாத இறுதியில், அரச அலுவலகங்களிற் பணிபுரியும் பெண்கள் சேலையே உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அதை மாற்ற நேர்ந்தது. அரசாங்கம் ஒன்று குண்டைத் தேடப்போய்ச் சேலைக் கரையில் வந்து நின்ற விந்தையை வரலாறு குறித்துக்கொள்ளும்.

இதுவரை எழுதியதை வாசித்துத் தமிழ் வாசகர் பலர் தலையசைப்பர் என்பதை அறிவோம். இனி எழுதுவது அவர்களுக்குச் சற்றுக் கசக்கும்.

2018 ஏப்ரலில் திருகோணமலையில் இந்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் வாயிலில் ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. நடத்தியவர்கள் தமிழர், பெற்றோரும் பழைய மாணவியரும். கோரிக்கை யாது? அங்கு கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணியலாகாது, சேலையே உடுத்த வேண்டும் என்பது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே நியாயம் கண்டது. 2022இல் அவர்களில் ஒருவர் கடமைக்குத் திரும்பியபொழுது மீண்டும் கலவரம், பொலிஸ் முறைப்பாடு, வழக்கு. அவர் எப்படிக் கற்பித்தார், பிள்ளைகள் தேறினரா என்று கேட்டவர் சிலரே. அவர் என்ன உடுத்தினார் என்று கேட்டவரே பலர். கிழக்கின் முஸ்லிம் பாடசாலைகளில் பொட்டோடும் பூவோடும் கற்பிக்கும் தமிழ் ஆசிரியைகள் எத்தனையோ பேர் உளர். நாளைக்கு அங்கே ஒரு வாயிலில், ‘பொட்டை அழித்துவிட்டு உள்ளே வா’ என்று ஒரு கூட்டம் நின்றால் நம் பத்திரிகைகள் எப்படி எழுதும்? 1983ஐ நினைவூட்டியே எழுதும். எழுதவும் வேண்டும்.

2024இல் நடந்தது இன்னும் விசித்திரம். அதே திருகோணமலையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவியர் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணம், பரீட்சை மண்டபத்தில் அவர்கள் காதுகளை மறைத்திருந்தனர் என்பது. காதுக்குள் ஒலிக்கருவி இருந்திருக்கலாமாம். கருவி எதுவும் அகப்பட்டதா? இல்லை. பெறுபேறுகள் பின்னர் வெளியிடப்பட்டன; நண்பர்களுக்கு எல்லாம் பெறுபேறு வந்த நாளில் அப்பிள்ளைகள் எப்படி இருந்தனர் என்பதைப் பரீட்சைத் திணைக்களம் அறியுமோ அறியோம். 1958இல் நம் காதைப் பிடித்து இழுத்துத் துளை தேடினார்கள். 2024இல் ஒரு பிள்ளையின் காது தெரியவில்லை என்று அவள் எதிர்காலத்தை நிறுத்தி வைத்தார்கள். இந்த அநீதியைக் கண்டித்த தமிழ்க் குரல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. காதின் துளைக்காக உயிர் இழந்தவரின் பேரப்பிள்ளைகள் அல்லவா முதலில் குரல் எழுப்பியிருக்க வேண்டும்?

எதிர்வாதங்களை நாம் அறியாமல் இல்லை. ‘ஆள் யார் என்று அறிய முகம் தெரிய வேண்டாமா?’ என்பர். வேண்டும். வங்கியில் பணம் எடுக்கும்பொழுதும், பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டையோடு ஒப்பிடும்பொழுதும், சந்தேகத்துக்கு மெய்யான காரணம் இருக்கும்பொழுதும் முகத்தையோ காதையோ காட்டுமாறு கேட்பதில் பிழையில்லை. ஒரு பெண் அலுவலர் ஒதுக்கிடத்தில் அரை நிமிடத்தில் செய்து முடிக்கும் காரியம் அது. அரை நிமிடக் காரியத்தை அரசாங்கத் தடையாகவும் ஊர்க் கலகமாகவும் வளர்ப்பதையே நாம் மறுக்கிறோம்.

‘முன்னே அவர்கள் நம்மைப் போலச் சேலைதானே உடுத்தினர், இப்பொழுது அராபியரைப் போல் உடுத்தித் தம்மைப் பிரித்துக்கொள்வது ஏன்?’ என்பது அடுத்த வாதம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. கிழக்கின் முஸ்லிம் மூதாட்டியர் சேலைத் தலைப்பையே முக்காடாக இட்டனர். அபாயா அண்மைக்கால வரவு. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிப் போனவர்களோடும், மார்க்க மறுமலர்ச்சியோடும் சேர்ந்து வந்தது. காத்தான்குடிப் பெருந்தெருவில் பேரீச்சை மரம் நட்டதைப் பற்றியும் இவ்வாறே குறை கூறுவர். வரட்டும், அதனால் என்ன? நம் பாட்டிமார் குறுக்குக்கட்டோடு வயலுக்குப் போனார்கள். நம் பெண்கள் பஞ்சாபி உடுத்துகின்றனர். நம் தாத்தாமார் வேட்டி கட்டினர். நாம் நீளக்காற்சட்டை அணிகிறோம். பஞ்சாபும் இங்கிலாந்தும் நமக்கு எந்த வகையில் உறவு? உடை மாறுவது பிரிவினை என்றால் முதற்குற்றவாளி நாமே. அபாயாவை விரும்பி அணிபவளும் உண்டு, வீட்டார் வற்புறுத்தலால் அணிபவளும் உண்டு. இரண்டாமவளுக்கு உதவ வேண்டின், அவள் பேசத்தக்க இடம் ஒன்று வேண்டும். வாயிலில் நின்று கூச்சலிடும் கூட்டம் அவளை மேலும் வீட்டுக்குள்ளே தள்ளும்.

ஒரு காலத்தில் நம் அரசியல் இதைவிட அகன்ற கண்ணோடு இருந்தது. 1949இல் தொடங்கப்பட்ட தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொல்லை நாட்டில் நடமாட விட்டது. நெற்றியையும் தலையையும் பாராது நாவைப் பார்த்த சொல் அது. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் சார்பில் முஸ்லிம்களே நின்று வென்றனர். வென்றபின் அவர்கள் கட்சியை விட்டுப் போயினர் என்பதும் உண்மை. அதன் கசப்பை மூத்தோர் பலர் அறிவர். ஆனால் தமிழ் வாக்காளர் வாக்களித்தபொழுது தொப்பியை ஒரு தடையாகக் கொள்ளவில்லை. அக்கட்சியின் தலைவர் செல்வநாயகம் கிறித்தவர். அவர் நெற்றியில் நீறு இல்லை என்று சுட்டிக்காட்டி வாக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். சைவப் பெருமக்கள் நிறைந்த காங்கேசன்துறை 1956 முதல் அப்பேச்சுக்குச் செவிகொடுக்கவில்லை. அவரைத் தந்தை என்றே அழைத்தது. இன்று அவர் படத்துக்கு மாலையிட்டுவிட்டு அபாயாவை முறைத்துப் பார்ப்போர், எந்தச் செல்வநாயகத்துக்கு மாலையிடுகின்றனர் என்பது நமக்கு விளங்கவில்லை.

முஸ்லிம் அன்பர்களுக்கும் ஒரு சொல். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தமிழன் ஒருவன் வந்தால், பொட்டைப் பார்த்து விலை கூட்டுவோரும் விலகி நடப்போரும் உங்களுள்ளும் இல்லாமல் இல்லை. தம் பெண்களின் உடையை அளந்து, ‘இவள் சரியான முஸ்லிம், அவள் அல்லள்’ என்று தீர்ப்பளிப்போரும் உங்களுள் உளர். அளவுகோல் ஒன்றே, கை மட்டும் வேறு.

செய்ய வேண்டியது மிகப் பெரிய காரியமன்று. உயர்தரப் பரீட்சை நடக்கும் மண்டபங்களில், தலையை மறைத்து வரும் மாணவியர் உள்ள இடத்துக்கெல்லாம் ஒரு பெண் அலுவலரை நியமித்து, பரீட்சை தொடங்குமுன்னரே தனியிடத்தில் சோதித்து அனுப்புமாறு திணைக்களம் எழுத்தில் பணிக்க வேண்டும். சோதித்து அனுப்பியபின் பெறுபேற்றை நிறுத்தும் அதிகாரம் எந்த மேற்பார்வையாளருக்கும் இருக்கலாகாது. பாடசாலை ஆசிரியைகளின் உடை பற்றி ஒவ்வொரு வாயிலிலும் ஒவ்வொரு சண்டை நடக்காதவாறு, வடக்குக்கும் கிழக்குக்கும் தெற்குக்கும் பொதுவான ஒரு விதியைக் கல்வி அமைச்சு வகுக்க வேண்டும். இவ்விரண்டையும் முஸ்லிம் உறுப்பினர்கள் கேட்டால் அது முஸ்லிம்களின் கோரிக்கை என்று கோப்பில் உறங்கும். மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களின் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் முதற் கையொப்பமிட்டு இக்கோரிக்கையைச் சபையில் வைக்கட்டும். அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு முன் வைக்கட்டும்.